வாய் மூடிய காலத்தில் வாத்தியம்

பேச முடியாத காலமொன்றில் கலைஞன் என்ன செய்ய வேண்டும்? அப்போதும் பேசத்தான் வேண்டும் என்பது ஒரு பதில். பேனாவை மூடி வைத்துவிட வேண்டும் என்பது இன்னொரு பதில். இரண்டுக்குமே கௌரவம் உண்டு. ஆனால் உலகில் பெரும்பாலான கலைஞர்கள் இந்த இரண்டில் எதையும் செய்வதில்லை. சொல்லக்கூடாததை விட்டுவிட்டு மற்றெல்லாவற்றையும் செய்துகொண்டிருக்கிறார்கள். இந்த மூன்றாவது வழியைத் துணிவு என்பதா, தப்பித்தல் என்பதா, உடந்தை என்பதா? இக்கட்டுரை அதனையே விசாரிக்கிறது. விசாரணைக்கு நான் எடுத்துக்கொள்ளும் சாட்சி ஓர் எழுத்தாளனல்லன். 1970களில் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் இயங்கிய 'வாலியாஸ்' என்ற இசைக்குழு. சொற்களே இல்லாத இசைத்தட்டொன்றை வெளியிட்ட குழு அது.

எத்தியோப்பியா நமக்குப் புறத்தியான தேசமல்ல. பிலால் (ரழி) அவர்களின் பூர்வீகமான ஹபஷா அதுதான். மக்காவில் வாழ முடியாமற்போன முதல் முஸ்லிம்கள் கி.பி. 615இல் கடல் தாண்டிப் போய் நஜ்ஜாஷி மன்னரிடம் அடைக்கலம் பெற்றதும் அங்குதான். பெருநாளொன்றில் மஸ்ஜிதுந் நபவியில் ஹபஷிகள் ஈட்டிகளோடு விளையாடியதையும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஆயிஷா (ரழி) அவர்கள் பார்த்து மகிழ இடமளித்ததையும் நமது மத்ரஸா மாணவர்களும் அறிவார்கள். இசை பற்றிய விவாதம் வரும்போதெல்லாம் இந்தச் சம்பவமும் வந்துவிடும். இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் இசை கேட்பது பற்றி எழுதிய பகுதியிலும் இதைக் கொண்டுவருகிறார்கள். இசை கூடுமா கூடாதா என்ற அந்த விவாதத்தை இங்கே நான் திறக்கப்போவதில்லை. கூடாது என்போருக்கும் என் கேள்வி பொருந்தும். 'இசை' என்றிருக்கும் இடத்தில் 'எழுத்து' என்று வைத்து அவர்கள் வாசித்துக்கொள்ளலாம்.

முதலில் அந்த இசையின் வரலாறு. நவீன எத்தியோப்பிய இசையின் மூத்த கருவிகள் அகதிகளின் கைகளில் வந்தவை. 1924இல் ஜெரூசலத்துக்குச் சென்ற இளவரசர் ரஸ் தஃபாரி, பின்னாளில் ஹைலே செலாசி என்ற பேரரசர், அங்கே ஆர்மீனிய அநாதைச் சிறுவர்கள் நாற்பது பேரைக் கொண்ட பித்தளை வாத்தியக் குழுவொன்றைக் கேட்டார். அந்த நாற்பது பேரையும் அடிஸ் அபாபாவுக்கு அழைத்துக்கொண்டார். அதற்குப் பின் சுமார் நாற்பது ஆண்டுகள் அந்நாட்டில் நவீன இசை என்றால் சீருடை என்றே பொருள். மெய்க்காவற் படையின் இசைக்குழு, பொலிஸ் இசைக்குழு, இராணுவ இசைக்குழு, அரச நாடக அரங்கின் இசைக்குழு என்று எல்லாமே அரசின் சொத்து. ட்ரம்பட் வாசித்தவர் அரச ஊழியர். அவர் வாசித்த ட்ரம்பட் அரச உடைமை. இசைத்தட்டு வெளியிடும் உரிமையும் அரச அனுசரணை பெற்ற அமைப்பொன்றின் கையிலேயே இருந்தது. அந்த ஏகபோகத்தை 1969இல் உடைத்தவர் அம்ஹா எஷெட்டே என்ற இளைஞர். அனுமதிக்குக் காத்திராமல் அவர் தனியாக இசைத்தட்டுகளை வெளியிடத் தொடங்கினார். 1975 வரை நூற்றுக்கு மேற்பட்ட சிறு இசைத்தட்டுகளும் ஒரு டசின் நெடுந்தட்டுகளும் அவர் பெயரில் வெளிவந்தன. பின்னர் அவரும் நாட்டைவிட்டு வெளியேறினார்.

இதே ஆண்டுகளில்தான் 'எத்தியோ ஜாஸ்' என்று இன்று அறியப்படும் இசையும் உருவானது. அதன் தந்தை எனப்படுபவர் முலாட்டு அஸ்டாட்கே. 1943இல் ஜிம்மாவில் பிறந்தவர். பிரித்தானியாவிலும் பின்னர் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலும் பயின்றவர். அவருக்கு முன்னிருந்த பிரச்சினை நமது கவிஞர்களுக்கும் பழக்கமானதுதான். எத்தியோப்பியப் பாரம்பரிய இசை ஐந்து சுரங்களில் நிற்பது. திஸிட்டா, பாட்டி, அம்பாசல், அஞ்சிஹோயே என்ற நான்கு சுர வரிசைகள் அதன் ஆதாரம். இவற்றில் பாட்டியும் அம்பாசலும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் கலந்து வாழும் வொல்லோ பிரதேசத்தின் இடப்பெயர்கள். ஜாஸ் இசையோ பன்னிரண்டு சுரங்களையும் ஆண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செல்வது. ஐந்தின்மேல் பன்னிரண்டைக் கண்டபடி ஏற்றினால் ஐந்தின் முகம் அழிந்துவிடும். ஏற்றாமல் விட்டால் புதிதாக எதுவும் நிகழாது. முலாட்டு மெட்டை ஐந்திலேயே வைத்தார். அதன் கீழே நகரும் அடித்தளத்தை மட்டும் ஜாஸிடமும் இலத்தீன் அமெரிக்கத் தாளங்களிடமும் கேட்டு வாங்கினார். கடன் வாங்குவதற்கும் கரைந்துபோவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அவர் காதால் அறிந்திருந்தார்.

வாலியாஸ் குழுவினர் இந்தச் சூழலில் வந்தவர்கள். 1970களின் தொடக்கத்தில் 'வீனஸ்' என்ற இரவு விடுதியில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் ஒன்றுசேர்ந்து குழு அமைத்தார்கள். சிமியன் மலைகளில் மட்டும் வாழும் வாலியா என்ற காட்டாட்டின் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். கீபோட் வாசித்தவர் ஹைலு மெர்ஜியா. பதினான்கு வயதில் இராணுவ இசைப்பிரிவில் சேர்ந்து அக்கோர்டியன் பிடித்தவர். பியானோ வாசித்து இசைக்கோப்பும் செய்தவர் கிர்மா பெயெனே. சக்சபோனும் புல்லாங்குழலும் மோகஸ் ஹப்டேயினுடையவை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல், ஃபங்க் இசைகளை இவர்கள் இசைத்தட்டுகள் வழியே கேட்டிருந்தார்கள். அவற்றின் துள்ளலையும் ஜாஸின் கற்பனை விரிவையும் ஐந்து சுர மெட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அதில் பிறந்தது நடனமாடக்கூடிய, ஆனால் உள்ளே ஏதோவொரு துயரம் நடந்துகொண்டேயிருக்கிற ஒரு பொப் இசை.

விடுதிகளில் வாசிப்பவனுக்குக் கருவியும் விடுதி முதலாளியுடையதாக இருப்பதே அந்நாளைய வழக்கம். முதலாளி வேண்டாமென்றால் வெறுங்கையோடு வெளியேற வேண்டியதுதான். வாலியாஸ் குழுவினர் தங்கள் கருவிகளைத் தாங்களே வைத்திருந்தார்கள். அதனால்தான் ஹில்டன் ஹோட்டலோடு குழுவாகப் பேசி உடன்பாடு செய்துகொள்ளவும், ஏறக்குறையப் பத்தாண்டுகள் அங்கே நிலைக்கவும் அவர்களால் முடிந்தது. சுதந்திரம் என்பதை நாம் பெரும்பாலும் ஒரு கருத்தாகவே பேசுகிறோம். கலைஞனுக்கு அது முதலில் ஒரு பொருள். கருவி யாருடையது, மேடைக்கு யார் பணம் கொடுத்தது, தட்டை அச்சிட்டவர் யார் என்ற கேள்விகளுக்குப் பின்னரே கருத்து வருகிறது. தாள் விலையையும் அச்சுக் கூலியையும் தம் சட்டைப் பையிலிருந்து கொடுத்துச் சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கருவியை வாங்கிவிட்டால் சுதந்திரம் முடிந்த காரியமாகிவிடுமா?

1974 செப்டெம்பரில் பேரரசர் பதவி நீக்கப்பட்டார். 'டெர்க்' என்ற இராணுவக் குழு ஆட்சிக்கு வந்தது. 1977இல் மெங்கிஸ்டு ஹைலே மரியம் முழு அதிகாரத்தையும் கைப்பற்றினார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் 'செம்பயங்கரம்' என்று வரலாற்றில் பதிவாகியுள்ளன. மாணவர்களும் இளைஞர்களும் வீடுகளிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களது உடல்கள் தெருவோரங்களில் கிடந்தன. நள்ளிரவிலிருந்து விடியும் வரை ஊரடங்கு. பாடல் வரிகள் தணிக்கைக்கு உட்பட்டன. புரட்சியைப் போற்றும் பாடல்களுக்கு மேடை இருந்தது. மற்றவற்றுக்குச் சந்தேகக் கண்ணே இருந்தது.

அம்ஹாரிக் மொழிக்கு ஒரு பழைய கவி மரபு உண்டு. அதை 'மெழுகும் பொன்னும்' என்பார்கள். பொற்கொல்லன் மெழுகில் உருச் செய்து, மெழுகு உருகி நீங்கிய இடத்தில் பொன்னை வார்ப்பதுபோல, வெளியே ஒரு பொருளும் உள்ளே வேறொரு பொருளும் வைத்துப் பாடுவது. நமது இரட்டுறமொழிதலுக்கு உறவானது. இப்படியொரு மரபுள்ள மொழியில் தணிக்கையாளனுக்கு எந்தச் சொல்லும் நிரபராதியல்ல. காதலியின் பிரிவைப் பாடினால் காதலி யார் என்று கேட்பான். மழை வரவில்லை என்று பாடினால் மழை எது என்று கேட்பான்.

அந்த 1977இல்தான் வாலியாஸ் குழு முலாட்டு அஸ்டாட்கேயையும் சேர்த்துக்கொண்டு 'செ பெலெவ்' என்ற நெடுந்தட்டை கைஃபா நிறுவனத்தின் பெயரில் வெளியிட்டது. பாடகர் இல்லாமல் வாத்தியங்கள் மட்டும் ஒலித்த தட்டு. பாடகனே இசையின் முகமாக இருந்த நாட்டில் அது அபூர்வமான செயல். அதிலுள்ள 'முஸிகாவி சில்ட்' என்ற உருப்படி பின்னாளில் பல நாட்டுக் குழுக்கள் எடுத்து வாசிக்கும் அளவுக்குப் புகழ் பெற்றது.

அவர்களது இரவுகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மாலையில் உணவு மண்டபத்தில் மெல்லிசை. பின்னர் ஆட்டத்துக்கான இசை. நள்ளிரவானதும் தெருவில் இறங்க முடியாது. எனவே வந்தவர்கள் உள்ளேயே தங்கிவிடுவார்கள். விடிந்து ஊரடங்கு தளரும் வரை குழு வாசிக்கும், அவர்கள் ஆடுவார்கள். உள்ளே இராஜதந்திரிகளும் வெளிநாட்டவரும் வசதி படைத்தவர்களும். வெளியே இருளில் துப்பாக்கியோடு ரோந்து. ஊரடங்கு இரவு எப்படியிருக்கும் என்பதை இந்நாட்டில் வாழ்ந்த எவரும் மறந்திருக்க முடியாது. நாய் குரைத்தாலே மூச்சை அடக்கிக்கொள்ளும் இரவு அது. அப்படியொரு இரவில் மூடிய கதவுகளுக்குள் சக்சபோன் ஒலித்துக்கொண்டிருந்தது.

குற்றப்பத்திரிகையை முதலில் அதன் முழுப் பலத்தோடு வாசித்துவிடுவோம். பிள்ளைகள் கொல்லப்படும் நகரத்தில் இவர்கள் ஆட்டத்துக்கு இசை வழங்கினார்கள். அவர்களது கருவி சுயமானதாக இருக்கலாம், சம்பளம் ஹோட்டலுடையது. ஹோட்டல் இயங்கியது ஆட்சியாளரின் அனுமதியில். நகரம் வழமைபோல் இருக்கிறது என்று வெளிநாட்டவர் நம்புவதற்கு அந்த இசையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். சொற்களை நீக்கியது தணிக்கைக்கு எதிரான தந்திரமல்ல. தணிக்கையாளன் செய்ய வேண்டிய வேலையை அவனுக்கு முன்பே செய்து கொடுத்ததுதான். மேலும், சொல் இல்லாத இசை யாருக்கும் வளைந்து கொடுக்கும். கொல்லப்பட்டவனின் தாய்க்கு அது அழுகையாகக் கேட்கலாம். கொன்றவனுக்கு அதுவே நல்ல உறக்கத்தையும் தரலாம்.

இந்தக் குற்றச்சாட்டை நான் இலகுவில் தள்ளிவிட மாட்டேன். குறிப்பாகக் கடைசி வாதம் வலுவானது. வாத்திய இசைக்குள் எதிர்ப்பு ஒளிந்திருந்தது என்று பிற்காலத்தில் சொல்வது எளிது. ஆனால் ஒளிந்திருந்ததை எவருமே கண்டுபிடிக்கவில்லையென்றால் அது எதிர்ப்பாகுமா? வாலியாஸ் குழுவைப் புரட்சிக்காரர்களாகச் சித்திரிப்பது அவர்களுக்கும் உண்மைக்கும் செய்யும் அநீதி. அவர்கள் வாசித்துப் பிழைத்தவர்கள்.

எனினும் இந்தக் குற்றப்பத்திரிகையில் ஒரு பிழை இருக்கிறது. பேசாமலிருப்பதையும் பொய் பேசுவதையும் அது ஒரே தட்டில் வைக்கிறது. நமது மார்க்கத்தில் இவ்விரண்டும் ஒன்றல்ல. பொய்ச்சாட்சி பெரும்பாவங்களில் ஒன்று. தீமையைக் கண்டால் கையால் தடுக்கச் சொன்ன நபிமொழி, இயலாதபோது நாவாலும், அதற்கும் இயலாதபோது உள்ளத்தாலும் அதை மறுக்கச் சொல்கிறது. இந்த மூன்றாம் படியை ஈமானின் மிகப் பலவீனமான நிலை என்றும் சொல்லி வைத்தது. இந்நபிமொழியை நாம் இரண்டு விதமாகத் தவறாகப் பயன்படுத்துகிறோம். கோழைகள் மூன்றாம் படியிலேயே சௌகரியமாகக் குடியேறிவிடுகிறோம். வீரம் பேசுவோர் அப்படியொரு படியே இல்லை என்பதுபோல மற்றவர்களுக்குத் தீர்ப்பு வழங்குகிறோம். நபிமொழியோ அதைப் பலவீனம் என்கிறது. ஆனால் ஈமானுக்கு வெளியே தள்ளவில்லை.

அடிஸ் அபாபாவின் இசைக்கலைஞன் ஒருவனுக்கு 1977இல் மேடை கிடைக்க ஒரு நிச்சயமான வழி இருந்தது. கொன்றவர்களைப் போற்றிப் பாடுவது. பாடகர் இல்லாத தட்டு அந்த வழியில் போகவில்லை. அது உண்மையைச் சொல்லவில்லை, பொய்யையும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பொய் சொல்லாதிருப்பதற்கும் ஓர் இடம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சொற்கள் எல்லாம் பிடிபட்ட பிறகு அந்த இடம் மெட்டில் மட்டுமே மிஞ்சியிருந்தது.

அப்படியானால் மூன்றாம் படி எப்போது ஈமானாக இருக்கிறது, எப்போது வெறும் சாக்காக மாறுகிறது? இதற்கு நான் காணும் அளவுகோல் ஒன்றுதான். உள்ளத்தில் வைத்திருப்பதைக் காப்பாற்ற ஒருவன் என்ன விலை கொடுக்கிறான்? எந்த விலையும் கொடுக்காத மௌனம் வெறும் சௌகரியம். விலை கொடுக்கும் மௌனத்தில் ஏதோவொன்று உயிரோடிருக்கிறது. மேடையில் வாசிக்கும்போது இதைப் பார்த்தறிய முடியாது. மேடை இல்லாமற்போகும்போதுதான் தெரியவரும்.

வாலியாஸ் குழுவுக்கு அந்தக் காலம் விரைவில் வந்தது. 1981இல் அவர்கள் அமெரிக்காவுக்கு இசைப்பயணம் சென்றார்கள். அங்கு சென்ற முதல் நவீன எத்தியோப்பியக் குழு அதுவே. கேட்க வந்தவர்களில் பெரும்பாலானோர் நாட்டைவிட்டு ஓடிவந்த எத்தியோப்பியர்கள். பயணம் முடிந்தபோது குழு இரண்டாகப் பிரிந்தது. ஹைலு மெர்ஜியா, கிர்மா பெயெனே, மோகஸ் ஹப்டே, பாஸ் கிற்றார் வாசித்த மெலாகே கெப்ரே ஆகிய நால்வர் திரும்பவில்லை. மற்றவர்கள் திரும்பிப் போனார்கள். தங்கியவர்கள் துணிந்தவர்கள் என்றும் திரும்பியவர்கள் பணிந்தவர்கள் என்றும் எழுத என் கை வரவில்லை. திரும்பிப் போனவனுக்கும் துணிவு வேண்டும். அவனுக்கு அங்கே ஒரு தாய் இருந்திருக்கலாம். ஊரைவிட்டுப் போனவர்களையும் ஊரிலேயே இருந்தவர்களையும் ஒருவரையொருவர் குற்றம்சாட்ட வைப்பது கொடுங்கோலன் கடைசியாகச் செய்யும் வேலை. அந்த வேலையை அவனுக்காக நாம் செய்துகொடுக்கத் தேவையில்லை.

அமெரிக்காவில் தங்கியவர்களுக்கு மேடை மெல்ல மெல்ல இல்லாமற்போனது. கிர்மா பெயெனே வாஷிங்டனில் பெற்றோல் நிலையமொன்றில் வேலை செய்தார். ஹைலு மெர்ஜியா 1985இல் தன் பழைய அக்கோர்டியனையும் மின்சாரக் கீபோட்களையும் தானே வாசித்து, தனியொருவராக ஒரு ஒலிநாடாவைப் பதிவு செய்தார். அது எத்தியோப்பியாவில் விற்பனையானது. பிறகு அவரும் வாஷிங்டனில் டக்சி ஓட்டத் தொடங்கினார். விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை. ஒரு காரியத்தை மட்டும் அவர் கைவிடவில்லை. டக்சியின் டிக்கியில் ஒரு சிறிய கீபோட் இருந்தது. பயணிகளுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அதை எடுத்துப் பின்னாசனத்தில் அமர்ந்து வாசிப்பார். கேட்பவர் எவருமில்லை. தட்டு வெளியிட எவருமில்லை. மெங்கிஸ்டு 1991இல் நாட்டைவிட்டு ஓடிய பின்னரும் அவரது நாட்கள் இப்படியே போயின.

2013இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவர் எத்தியோப்பியாவின் பஹிர் டார் நகரில் அந்த 1985ஆம் ஆண்டு ஒலிநாடாவைக் கண்டெடுத்து மறுபதிப்புச் செய்தார். அடுத்த ஆண்டு 'செ பெலெவ்' தட்டும் மறுபதிப்பானது. எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த மெர்ஜியா மறுபடியும் மேடையேறினார். 2018இல் 'லாலா பெலு' என்ற புதிய இசைத்தொகுப்பும் வந்தது. இதைப் பலரும் ஓர் அற்புதக் கதையாக எழுதினார்கள். பொறுமைக்குக் கிடைத்த வெகுமதி என்றார்கள்.

நான் அப்படி வாசிக்க விரும்பவில்லை. அந்த ஒலிநாடா கண்டெடுக்கப்படாமலே போயிருக்கலாம். அப்படிப் போன ஒலிநாடாக்களும் கையெழுத்துப் பிரதிகளும் எண்ணிலடங்காதவை. வெகுமதி வந்ததால்தான் காத்திருப்புக்கு அர்த்தம் வந்தது என்றால், வெகுமதி வராதவர்களின் உழைப்பெல்லாம் வீண் என்றாகிவிடும். செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்று நாம் ஓதி வருவதற்கும் பொருளில்லாமற்போகும். மெர்ஜியாவின் கணக்கில் எழுதப்பட வேண்டியது 2018ஆம் ஆண்டின் கைதட்டல் அல்ல. இடைப்பட்ட ஆண்டுகளில், விமான நிலைய வாகனத் தரிப்பிடத்தில், எவரும் கேளாமல் அவர் வாசித்த வாசிப்பு.

இப்போது முதற் கேள்விக்கு வரலாம். வாலியாஸ் குழுவின் இசை துணிவா, தப்பித்தலா, உடந்தையா? ஹில்டன் மண்டபத்தை மட்டும் பார்த்தால் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது என்றே சொல்வேன். மனிதர்களின் செயல்கள் பெரும்பாலும் அப்படித்தான் கலந்து கிடக்கின்றன. ஆனால் டக்சியின் பின்னாசனத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் அந்த மண்டபத்தின் காட்சி சற்று மாறுகிறது. பணம், மேடை, ஆட்டம், ஆட்சியாளரின் அனுமதி என எல்லாவற்றையும் கழித்த பின்னும் மிச்சமாக நின்ற ஒன்று அந்த இரவுகளிலும் உள்ளே இருந்திருக்கிறது. அன்று அதை அவர்களுக்கே நிரூபித்துக் காட்ட முடிந்திருக்காது.

இதனால் அந்த மண்டபம் குற்றமற்றதாகிவிடாது. வெளியே இறந்தவர்களின் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. எந்த இசையாலும் அது தீராது. நாவால் சொல்லியிருக்கக்கூடிய இடங்களில் நாம் சொல்லாமல் விட்டவற்றுக்கு இந்தக் கதை சாக்காகவும் ஆகாது. நாம் எழுதியவற்றைத் திருப்பிப் பார்க்கும்போது ஒவ்வொருவரும் தனியாகக் கேட்டுக்கொள்ள ஒரு கேள்வியை மட்டும் இது விட்டுச் செல்கிறது. நம் மேடையைக் கழற்றிவிட்டால், இதழை நிறுத்திவிட்டால், வாசகர்களையும் எடுத்துவிட்டால், நம்முடைய டிக்கியில் என்ன இருக்கும்?